ஜாதிக்காய்த் தீவின் காத்திருப்பு

கிரெனடாவில் ஒரு மரம் முழுப் பலன் தர இருபது வருடங்கள் ஆகின்றன. அதைச் சாய்க்கச் சூறாவளிக்குச் சில மணி நேரம் போதும்.

குவாவ் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கை எட்டுவது மீன் வாடை. கிரெனடாவின் மேற்குக் கடற்கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, நீளமான ஒரு தெருவாகக் கிடக்கும் மீனவர் ஊர் அது. தெருவில் சற்று நடந்தால் வாடை மாறுகிறது. பிள்ளை பெற்ற வீட்டில் உரைகல்லைச் சுற்றி வருமே, அதே மணம். ஜாதிக்காய்! மீன் பிடிக்கும் ஊரின் நடுவில் நிற்கும் பெரிய பழைய கட்டடத்திலிருந்து வருகிறது அது. ஜாதிக்காயைக் காயவைத்து, உடைத்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி உலகத்துக்கு அனுப்பும் நிலையம். ஒரு நாட்டின் வரலாறு, அரசியல், வயிற்றுப்பாடு எல்லாவற்றையும் இந்த வாசனையைப் பின்பற்றிப் போயே தெரிந்துகொண்டுவிடலாம்.

கிரெனடா கரீபியன் தீவு வரிசையின் தென்கோடியில் இருக்கிறது. தெற்கே டிரினிடாடும் வெனிசூலாவும். பெரிய தீவான கிரெனடாவின் நீளம் 34 கி.மீ., அகலம் 20 கி.மீ.கூட இல்லை. வடக்கே காரியகோ, பெட்டீட் மார்ட்டினீக் என்ற இரு சிறு தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் 344 சதுர கி.மீ.; சென்னை மாநகராட்சியைவிடச் சிறிய நாடு. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றே அதிகம். நம் ஊர் விளையாட்டு ரசிகர்களுக்கு இந்த நாட்டின் பெயர் வேறு விதத்தில் பரிச்சயம். 2022இல் அமெரிக்காவின் யூஜின் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ராவை வெள்ளிப் பதக்கத்தோடு நிறுத்தித் தங்கத்தைக் கொண்டுபோன ஆண்டர்சன் பீட்டர்ஸ் இந்த ஊர்க்காரர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கித் தந்த கிரானி ஜேம்ஸ் இதே குவாவில் வளர்ந்த பையன்.

தீவு எரிமலைகளின் பிள்ளை. நடுவில் மலைத்தொடர், உயரமான செயின்ட் கேதரின் சிகரம் 840 மீட்டர். மலைமேல் பழைய எரிமலை வாய் ஒன்றில் தண்ணீர் நிரம்பி கிராண்ட் எட்டாங் ஏரியாகியிருக்கிறது. தலைநகர் செயின்ட் ஜார்ஜஸின் துறைமுகம் குதிரை லாட வடிவில் வளைந்து கிடக்கிறது. அதைச் சுற்றிச் சரிவில் படிப்படியாக ஏறும் செங்கல் வீடுகள், சிவப்பு ஓட்டுக் கூரைகள். தீவுக்கு வடக்கே சுமார் 8 கி.மீ. தொலைவில் கடலுக்கடியில் கிக் எம் ஜென்னி என்ற எரிமலை உயிரோடு இருக்கிறது. அதற்கு நேர் மேலே கப்பல்கள் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. எரிமலை தந்த வளமான மண், நல்ல மழை, கடற்காற்று. ஜாதிக்காய் மரம் கேட்பது இவற்றைத்தான்.

ஆனால் அந்த மரம் இந்த மண்ணின் சொந்தமல்ல. இன்று அங்கே வாழும் மக்களில் பெரும்பாலோரின் முன்னோர்களும் அப்படித்தான்.

1498இல் கொலம்பஸ் தன் மூன்றாவது பயணத்தில் இந்தத் தீவைத் தூரத்திலிருந்து பார்த்தார். அப்போது இது கரீப் பழங்குடியினரின் நிலம். ஒன்றரை நூற்றாண்டு அவர்கள் யாரையும் காலூன்ற விடவில்லை. 1649இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து குடியேறினார்கள், சண்டை மூண்டது. துரத்தப்பட்ட கரீப் கூட்டம் ஒன்று, பிடிபட மனமில்லாமல், வடகோடிப் பாறை முனையிலிருந்து கடலில் குதித்து உயிரை விட்டது. அந்த ஊருக்கு இன்றும் சோட்டர்ஸ் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'குதிப்பவர்கள்' என்று பொருள்.

1763இல் தீவு பிரிட்டன் கைக்குப் போனது. 1779இல் பிரான்ஸ் திரும்பப் பிடித்தது. 1783இல் மறுபடி பிரிட்டன். எஜமானர்கள் மாறினார்களே தவிர, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் கரும்புத் தோட்டத்தில் செத்துக்கொண்டிருந்தது மாறவில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனின் கரீபியன் காலனிகளில் சர்க்கரைக்கு ஜமைக்காவுக்கு அடுத்தபடியாகப் பேசப்பட்டது இந்தக் குட்டித் தீவு. 1795இல் ஜூலியன் ஃபெடோன் என்ற கலப்பின நில உடைமையாளர் கலகக்கொடி தூக்கினார். அடிமைகள் அவர் பின்னால் திரண்டார்கள். ஆளுநர் உள்பட 48 பிணைக்கைதிகள் கொல்லப்பட்டார்கள். சுமார் 15 மாதங்கள் தீவின் பெரும்பகுதி கலகக்காரர்கள் வசம் இருந்தது. 1796இல் பிரிட்டிஷ் படை கலகத்தை நசுக்கியது. ஃபெடோன் மட்டும் அகப்படவே இல்லை.

1838இல் அடிமைத்தளை முழுதாக அறுந்தது. விடுதலையானவர்கள் கரும்புத் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்க விரும்பவில்லை. மலைச்சரிவில் துண்டு நிலம் பிடித்துச் சொந்தப் பயிர் வைத்தார்கள். ஆள் இல்லாமல் தவித்த தோட்ட முதலாளிகள் இந்தியாவைப் பார்த்தார்கள். 1857 மே 1 அன்று 'மெய்ட்ஸ்டன்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 287 இந்தியர்களைக் கொண்டுவந்து இறக்கியது. ஒன்பது நாள் கழித்து மீரட்டில் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கினார்கள். கரையேறியவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அடுத்த முப்பது வருடத்தில் சுமார் 3,200 ஒப்பந்தக் கூலிகள் வந்து சேர்ந்தனர். டிரினிடாடிலும் கயானாவிலும் போல இங்கே அவர்கள் தனிச் சமூகமாக நிலைக்கவில்லை. எண்ணிக்கை குறைவு, கிறிஸ்தவப் பள்ளிகள் வழியாக மதமும் மாறியது, மொழியும் மறைந்தது. தெருவோரக் கடைகளில் விற்கும் ரொட்டி மிஞ்சியிருக்கிறது. தேங்காய்ப்பாலில் ஈரப்பலாக்காயையும் உப்புக்கண்டத்தையும் போட்டு, பால் வற்றி எண்ணெய் பிரியும்வரை வேகவைக்கும் 'ஆயில் டவுன்' இவர்களின் தேசிய உணவு. அதற்கு நிறம் தருவது நம் மஞ்சள்தான். அங்கே அதை 'சாஃப்ரன்' என்கிறார்கள்.

மஞ்சளைப் போலவே கீழ்த்திசையிலிருந்து வந்ததுதான் ஜாதிக்காயும். உலகத்துக்கு ஜாதிக்காய் தந்துவந்தவை இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள். அந்த ஏகபோகத்துக்காக 1621இல் டச்சுக்காரர்கள் பாண்டா மக்களைக் கொன்று குவித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் கொஞ்ச காலம் பாண்டாவைக் கைப்பற்றிக் கன்றுகளை வெளியே கொண்டுபோன பிறகே பிடி தளர்ந்தது. 1843இல் கிரெனடாவில் ஜாதிக்காய் வேர் பிடித்ததாகச் சொல்கிறார்கள். கரும்புக்குச் சமவெளி வேண்டும், கூலிப்படை வேண்டும். ஜாதிக்காய்க்கு இரண்டும் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் சரிவில் பத்து மரம், ஊடே கோக்கோ, நிழலுக்கு வாழை. பழம் முற்றித் தானாக வெடித்துக் கீழே விழும். காலையில் போய்ப் பொறுக்கிவந்தால் போதும். அடிமையின் பேரனுக்கும் பேத்திக்கும் தோதான பயிர் இது. ஒரே மரத்தில் இரண்டு சரக்கு வேறு: கொட்டை ஜாதிக்காய், அதன்மேல் சிவப்பு வலைபோலப் போர்த்தியிருப்பது ஜாதிபத்திரி.

ஒரே ஒரு சங்கடம், பொறுமை வேண்டும். ஜாதிக்காயில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதையிலிருந்து வளர்த்தால் எது ஆண், எது பெண் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஐந்து முதல் ஏழு வருடங்கள் கழித்து முதல் பூ பூக்கும்போதுதான் ரகசியம் வெளிப்படும். ஆண் என்றால், மகரந்தத்துக்குச் சிலதை விட்டுவிட்டு மற்றதை வெட்ட வேண்டியதுதான். பெண் என்றால் இன்னும் காத்திருக்க வேண்டும். முழுப் பலன் பதினைந்து, இருபது வருடத்தில். கேரளத்தில் ஒட்டுக்கன்று வைத்து இந்தச் சூதாட்டத்தைத் தவிர்க்கிறார்கள். கிரெனடாவின் மலைச்சரிவுகளிலோ பெரும்பாலும் தாத்தா வைத்த மரத்தில் பேரன் பொறுக்கினான்.

1947இல் விவசாயிகளின் கூட்டுறவு ஜாதிக்காய்ச் சங்கம் உருவானது. கொள்முதல் நிலையத்துக்குக் காயைக் கொண்டுவந்தால் எடைக்கு முன்பணம். வருடக் கடைசியில் விற்ற விலையைப் பொறுத்து போனஸ். நிலையத்தில் காய்களை ஆறு, எட்டு வாரம் உலர்த்துவார்கள். ஓடு உடைத்த பருப்பைத் தண்ணீரில் கொட்டுவார்கள்: மூழ்கினால் முதல் தரம், மிதந்தால் எண்ணெய் பிழியவோ மலிவு விலைக்கோ. தரம் பிரிக்கும் பெண்களின் விரல்கள் மெஷினைவிட வேகம். உடைந்த ஓடுகளைக்கூட வீணாக்குவதில்லை. தோட்டப் பாதைகளில் பரப்புகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தோனேசியாவுக்கு அடுத்து உலகத்தின் இரண்டாவது பெரிய ஜாதிக்காய் நாடு கிரெனடாதான். 1974 பிப்ரவரி 7 அன்று சுதந்திரம் வந்தபோது ஏற்றிய கொடியில் ஒரு ஜாதிக்காயை வரைந்தார்கள். விளைபொருளைக் கொடியில் வைக்குமளவு நன்றி!

அந்தக் கொடியின் கீழ் நடந்த அரசியல் கொட்டையைவிடக் காரமானது. முதல் பிரதமர் எரிக் கெய்ரி, பறக்கும் தட்டுகளை ஆராயச் சொல்லி ஐ.நா.வில் வாதாடியவர், உள்ளூரில் எதிர்ப்பாளர்களை அடியாட்களை விட்டு ஒடுக்கியவர். 1979 மார்ச் 13 அன்று அவர் வெளிநாட்டில் இருந்தபோது மாரிஸ் பிஷப் என்ற இளம் வழக்கறிஞரின் 'நியூ ஜுவல்' இயக்கம் ஆட்சியைப் பிடித்தது. இலவசக் கல்வி, எழுத்தறிவு இயக்கம், பெண்களுக்குச் சம ஊதியம் என்று வேகமாக நடந்த அந்த ஆட்சி தேர்தல் நடத்தவில்லை, பத்திரிகைகளை மூடியது, எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டது. கியூபாவின் உதவியோடு தெற்கு முனையில் பெரிய விமான நிலையம் கட்டத் தொடங்கியது. சுற்றுலாவுக்கு என்றார் பிஷப். சோவியத் போர் விமானங்களுக்கு என்றார் ரொனால்ட் ரீகன். கரீபியனில் பணயமாக இருப்பது ஜாதிக்காய் அல்ல, அமெரிக்காவின் பாதுகாப்பு என்று 1983 மார்ச்சில் அவர் பேசினார்.

அதே ஆண்டு அக்டோபரில் பிஷப்பின் கட்சி இரண்டாகப் பிளந்தது. சொந்தத் தோழர்களே அவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். அக்டோபர் 19 அன்று ஜனக்கூட்டம் அவரை விடுவித்து, துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் கோட்டைக்குக் கூட்டிப் போனது. ராணுவம் பின்தொடர்ந்தது. பிஷப்பையும், கல்வி அமைச்சராயிருந்த ஜாக்குலின் கிரெஃப்ட் உள்ளிட்ட தோழர்களையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். உடல்கள் கிடைக்கவே இல்லை. ஆறு நாள் கழித்து, தீவின் மருத்துவக் கல்லூரியில் படித்த சுமார் 600 அமெரிக்க மாணவர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அமெரிக்கப் படை இறங்கியது. 19 அமெரிக்கர்கள், 45 கிரெனடியர்கள், இருபதுக்கு மேற்பட்ட கியூபர்கள் இறந்தார்கள். இறந்த கிரெனடியர்களில் பலர், தவறுதலாகக் குண்டு விழுந்த மனநல மருத்துவமனையின் நோயாளிகள். ஐ.நா. பொதுச்சபை 108க்கு 9 என்ற வாக்கில் படையெடுப்பைக் கண்டித்தது. அடுத்த மாதம் புது தில்லியில் இந்திரா காந்தி தலைமையில் கூடிய காமன்வெல்த் மாநாட்டிலும் பெரிய சர்ச்சை இதுதான்.

எந்த விமான நிலையத்துக்காக இத்தனை ஆர்ப்பாட்டமோ அது அமெரிக்கப் பணத்திலேயே முடிக்கப்பட்டு 1984இல் திறந்தது. 2009இல் அதற்கு மாரிஸ் பிஷப்பின் பெயரை வைத்தார்கள். அதே ஆண்டு அவரது கொலை வழக்குக் கைதிகளில் கடைசி ஏழு பேரும் விடுதலையானார்கள். அமெரிக்கப் படை இறங்கிய அக்டோபர் 25, நன்றி நவிலும் நாளாக விடுமுறை. பிஷப் கொல்லப்பட்ட அக்டோபர் 19, 2023 முதல் தேசிய வீரர்கள் தினமாக விடுமுறை. ஒரே வாரத்தில் இரண்டு விடுமுறைகள். இரண்டையும் ஒரே மனதோடு கொண்டாடுவது தீவில் எல்லோருக்கும் சுலபமில்லை.

ஆட்சிகள் வந்து போனதில் ஜாதிக்காய் மரங்கள் அசையவில்லை. அவற்றுக்கு எதிரி வேறு. 1955இல் ஜேனட் சூறாவளி தீவின் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தது. விவசாயிகள் மறுபடி நட்டார்கள். பிறகு அரை நூற்றாண்டு பெரிய புயல் எதுவும் இல்லை. கிரெனடா சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருக்கிறது, இங்கே அடிக்காது என்று ஜனங்கள் நம்பத் தொடங்கினார்கள். இந்தோனேசியாவோடு சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் விலையை நிர்ணயிக்கச் செய்த முயற்சியும் சில ஆண்டுகளில் முறிந்து விலை சரிந்தது. அந்தச் சரிவையும் தாண்டி, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் ஜாதிக்காய் வந்துகொண்டிருந்தது.

2004 செப்டம்பர் 7 அன்று இவான் சூறாவளி வந்தது. 39 பேர் உயிரிழந்தனர். பத்தில் ஒன்பது வீடுகள் சேதம். பிரதமரின் இல்லமே தரைமட்டம். சிறைச்சாலை உடைந்து கைதிகள் வெளியேறினர். செயின்ட் ஜார்ஜஸின் புகழ்பெற்ற சிவப்புக் கூரைகள் பறந்தன. நாடாளுமன்றக் கட்டடமும் தேவாலயங்களும் மொட்டைச் சுவர்களாயின. இழப்பு சுமார் 90 கோடி டாலர், நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரு மடங்கு. ஜாதிக்காய் மரங்களில் சுமார் 90 சதவீதம் போயிற்று. அகலமாகப் பரவினாலும் ஆழமாக ஊன்றாத வேர்கள். மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்ததில் சொந்தத் தோட்டத்துக்குள் நுழையவே விவசாயிகளுக்கு வழியில்லாமல் போனது. மறு ஆண்டு ஜூலையில் எமிலி சூறாவளி வந்து, மிச்சத்தையும் புதுக் கன்றுகளையும் பதம் பார்த்தது.

அறுபது வயது விவசாயியிடம் இருபது வருடப் பயிரை மறுபடி நடு என்று எப்படிச் சொல்வது? பலர் நடவில்லை. மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும் கோக்கோவுக்கும், அதைவிடச் சீக்கிரம் காசு தரும் வாழைக்கும் காய்கறிக்கும் மாறினார்கள். இதில் நல்லதும் நடந்தது. 1999இல் தொடங்கிய கிரெனடா சாக்லெட் கம்பெனியைப் பார்த்து, விளையும் இடத்திலேயே சாக்லெட் செய்யும் சிறு ஆலைகள் முளைத்தன. கொட்டையை வெளிநாட்டுக்கு மலிவாக விற்று, சாக்லெட்டாக விலை கொடுத்து வாங்கும் பழைய கதை கொஞ்சம் திரும்பியது. ஆனால் ஜாதிக்காய் விளைச்சல் பழைய அளவை எட்டவில்லை. இன்று இந்தியாவில், முக்கியமாகக் கேரளத்தில், விளைவது கிரெனடாவைப் போலப் பன்மடங்கு.

கொடியில் ஜாதிக்காய் இருக்கிறது. கஜானாவை நிரப்புவது வேறு. 1983இல் படையெடுப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட அந்த மருத்துவக் கல்லூரி இப்போது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களோடு செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகமாக நிற்கிறது. வாடகை வீடு, டாக்ஸி, கடை என்று தலைநகரின் தெற்குப் பகுதி அதை நம்பி வாழ்கிறது. கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைக்கு வெயில் தேடி வரும் வெள்ளைக்காரர்கள், குளிர்காலத்தில் துறைமுகத்தில் நிற்கும் உல்லாசக் கப்பல்கள், மோலினேர் விரிகுடாவில் கடலுக்கடியில் வைத்த சிற்பங்களைப் பார்க்க மூழ்குபவர்கள் என்று சுற்றுலா இன்னொரு தூண். மூன்றாவது சரக்கு, பாஸ்போர்ட். 2013 முதல், பெரும் தொகையை முதலீடு செய்யும் அல்லது நன்கொடையாகத் தரும் வெளிநாட்டவர் கிரெனடாவின் குடிமகனாகலாம். ஒரு காலத்தில் மனிதர்களைப் பிடித்துவந்து இறக்கிய தீவு, இன்று குடியுரிமையை அனுப்பிவைக்கிறது. சீக்கிரம் வரும் பணம் அது. வாங்குகிறவர்களின் நாடுகளும் மேலை அரசுகளும் ஒரு விதியை மாற்றினால் சீக்கிரம் நிற்கவும் கூடும்.

2024 ஜூலை 1 அன்று அடுத்த அடி. பெரில் சூறாவளி காரியகோ தீவின்மேல் நேராக ஏறியது. அட்லாண்டிக்கில் அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு பலமாக எந்தப் புயலும் அதற்கு முன் வந்ததாகப் பதிவு இல்லை. காரியகோவின் கட்டடங்களில் சுமார் 98 சதவீதம் இடிந்தன அல்லது சேதமடைந்தன. ஏழே மாதம் முன்புதான் அந்தத் தீவின் மரப் படகு கட்டும் கலையை யுனெஸ்கோ பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருந்தது. 2022இல் ஐ.நா.வின் பருவநிலை அமைப்புக்குத் தலைமை ஏற்ற சைமன் ஸ்டீல் காரியகோ குடும்பத்துப் பிள்ளை. உலக மாநாடுகளில் புள்ளிவிவரமாகப் பேசிய விஷயத்தைச் சொந்த ஊர் இடிபாடுகளுக்கு நடுவே நின்று பேச வேண்டியதாயிற்று. பெரிய தீவின் வட பகுதியும் அடி வாங்கியது.

ஆனால் 2004க்கும் 2024க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இவானுக்குப் பிறகு கடனில் மூழ்கித் தவணை கட்ட முடியாமல் தவித்த கிரெனடா, 2015இல் கடன்காரர்களோடு புது ஒப்பந்தம் போட்டபோது ஒரு ஷரத்தைச் சேர்க்கவைத்தது. பெரிய சூறாவளி தாக்கினால் தவணையைத் தள்ளிப்போடலாம் என்பதே அது. பெரிலுக்குப் பின் அந்த ஷரத்தைப் பயன்படுத்தி, கடனுக்குப் போகவேண்டிய பணத்தைக் கூரை போட ஒதுக்கியது. கரீபியன் நாடுகள் சேர்ந்து நடத்தும் பேரிடர் காப்பீட்டிலிருந்தும் உடனடியாகத் தொகை வந்தது. சின்ன நாடு கண்டுபிடித்த இந்த வழியைப் பெரிய வங்கிகள் இப்போது மற்ற நாடுகளுக்கும் சொல்கின்றன.

தோட்டத்தின் கணக்கு அத்தனை சுலபமில்லை. ஜேனட்டுக்கும் இவானுக்கும் இடையே 49 வருடங்கள். அந்த இடைவெளியில் ஒரு ஜாதிக்காய் மரம் வளர்ந்து, முழுப் பலன் தந்து, அதை வைத்தவரின் பிள்ளைகளைப் படிக்கவும் வைத்தது. இவானுக்கும் பெரிலுக்கும் இடையே 20 வருடங்கள். மரம் முழுப் பலனுக்கு வரும் காலமும் அதேதான். கடல் சூடாகச் சூடாகப் புயல்களின் பலம் கூடும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். இடைவெளி இன்னும் சுருங்கினால் ஜாதிக்காய் கொடியில் மட்டும்தான் மிஞ்சும்.

அப்படியும் நட்டவர்கள் உண்டு. 2005இல், விழுந்த மரங்களை வாள் போட்டு அறுத்து வழி உண்டாக்கி, எது ஆண் எது பெண் என்று தெரியாமலே வைத்த கன்றுகளில் பிழைத்தவை இப்போதுதான் முழுப் பலன் தரும் வயதுக்கு வந்திருக்கின்றன. காலையில் சரிவில் ஏறி, ஈர இலைகளைக் காலால் விலக்கி, சிவப்பு வலை போர்த்திய கொட்டைகளைப் பொறுக்குகிறார்கள். பொறுக்குகிறவர்களில் தலை நரைத்தவர்களே அதிகம். ஜூன் பிறந்தால் ரேடியோவில் வானிலை அறிக்கைக்குக் காது கொடுப்பார்கள். நவம்பர் முடியும்வரை காதை எடுக்கமாட்டார்கள்.